செஞ்சி மதிலகத்து ஊர்

செஞ்சி என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன இரண்டு. ஒன்று மலைமேற் கோட்டை. மற்றொன்று தேசிங்குராஜன் கதை. இரண்டும் போரைப் பற்றியனவே. அம்மலைகளின் இடையே ஒரு பெருநகரம் இருந்ததென்பதையும், அந்நகரில் நெல் குவிந்து, நீர் தேங்கி, வாணிகம் நிகழ்ந்ததென்பதையும் நினைப்பார் சிலரே. கோட்டையைக் காணச் செல்வோர் பலர். ஊரைக் காணச் செல்வோர் அரியர். அழிந்துபோன அவ்வூரை இன்று எவ்வாறு காண்பது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

திண்டிவனத்தினின்று திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் மேற்கே சென்றால் செஞ்சியை அடையலாம். வழியின் இருமருங்கும் நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும் விளையும் நிலங்கள். செஞ்சியை நெருங்க நெருங்கப் பாறைக் குன்றுகள் தோன்றும். உருண்டு திரண்ட பெருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற் போன்ற தோற்றத்தை உடையன அவை. முதலில் வருவது இன்றைய செஞ்சி நகர். கடைத்தெரு, பேருந்து நிலையம், நெல் விற்பனைக்கூடம் எல்லாம் அங்கேயே உள்ளன. அதனைக் கடந்து மேலும் சிறிது தொலைவு சென்ற பின்னரே சாலை பழைய மதிலை ஊடறுத்துக் கோட்டைக்குள் நுழைகின்றது. பயணத்தின் இவ்வொழுங்கை மாணவ அன்பர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. மக்கள் மதிலுக்கு வெளியே வாழ்கின்றனர். மதிலுக்குள்ளே வெற்றிடம் கிடக்கின்றது.

இதற்கு நேர்மாறான நிலையை மேல்நாட்டில் காணலாம். ஜெர்மனி தேசத்துப் பவேரியா மாகாணத்தில், அன்ஸ்பாக் என்னும் நாட்டுப்புற மாவட்டத்தில், தவுபர் ஆற்றின் மேட்டுக்கரையில் ரோத்தன்பூர்க் என்றொரு சிற்றூர் உண்டு. யான் அதனை நூல்களிலும் படங்களிலுமே கண்டுள்ளேன். ஐரோப்பிய இடைக்காலத்து மதிலும் வாயிற் கோபுரங்களும் அவ்வூரைச் சூழ இன்றும் நிற்கின்றன. அவற்றினுள் மரச்சட்டமிட்ட பழைய வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். முப்பதாண்டுப் போரின்போது, 1631-இல், தில்லி என்னும் படைத்தலைவன் அவ்வூரைக் கைப்பற்றினான். போருக்குப் பின் ஊர் வறுமையுற்றது. வறுமையால் வளர்ச்சி இன்றிற்று. வளர்ச்சியின்மையால் மதிலை இடித்துப் புதுத்தெரு அமைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆகவே பொருளிழந்தமையே அவ்வூர் தன் பழமையைக் காத்துக்கொண்டதற்குக் காரணமாயிற்று. 1945 மார்ச்சு 31-இல் விமானத் தாக்குதலால் அதன் ஒரு பகுதி எரிந்தது. போர் முடிந்தபின் பல நாட்டார் உதவிய பொருளைக் கொண்டு எரிந்தவற்றைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர். பொருள் உதவியோர் பெயர் பொறித்த கற்கள் மதிலின் உட்புறத்தில் உள்ளன.

அங்கே காணும் வீடுகளுள் ஒரு பகுதி உண்மையில் பழையன அல்ல என்று குறை கூறுவாரும் உளர். யான் அக்குறையைப் பெரிதாக எண்ணேன். கூரை ஓடு உடைந்தால் மாற்றுவதும், சட்டம் உளுத்தால் புதுச்சட்டம் பொருத்துவதும் குடியிருப்போர் செயல். குடியிருப்பு நீங்கிய இடத்தில் கருங்கல் ஒன்றே தன்னைத் தான் காத்துக்கொள்ள வல்லது. செஞ்சியில் நிகழ்ந்தது அதுவே. மன்னர் கட்டிய கல் நின்றது. மக்கள் வேய்ந்த கூரை மறைந்தது. ஆதலால் அங்கே மாளிகையையும் களஞ்சியத்தையும் காண்கின்றோம். நெசவாளன் வீட்டையோ குயவன் சூளையையோ காண்கிலோம். எஞ்சிய கல்லைக் கொண்டு மறைந்த ஊரை ஊகித்தறிய வேண்டியவராய் உள்ளோம்.

செஞ்சிப் பகுதியின் பழமை கோட்டையோடு தொடங்குவதன்று. அருகிலுள்ள திருநாதர் குன்றில் இருபத்து நான்கு சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கியுள்ளனர். ஆண்டே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைத் தெரிவிக்கும் தொன்மையான கல்வெட்டும் உண்டு. தமிழெழுத்தின் வரலாறு பயில்வோர் அதனைக் கண்ணாற் காணல் வேண்டும். மேலைச்சேரி என்னும் சிற்றூர் பழைய செஞ்சி எனப்படும். அங்கே பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்றுண்டு. இப்போதுள்ள கோட்டையை 1190-ஐ ஒட்டி ஆனந்தக்கோன் என்பவர் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. ஆயர் குலத்துக் கோன்மார் தொடங்கிய அரண், விஜயநகரத்தார் காலத்தில் நாயக்கர் கைக்கு வந்தது. அந்நாயக்கர் காலமே செஞ்சி ஊராக ஓங்கிய காலம்.

அக்காலத்துச் செஞ்சியை நேரிற் கண்டு எழுதிய அயலார் ஒருவர் உளர். பிமெந்தா என்னும் போர்த்துக்கேய இயேசு சபைக் குரு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியின்போது இங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியதென்றும், போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் ஒன்று நீங்கலாக இதனினும் பெரிய நகர் இல்லையென்றும் அவர் தம் சபையாருக்கு எழுதினார். வியப்பு மிகுதியாற் சிறிது கூட்டி எழுதியிருக்கலாம். எனினும் அவர் வியந்தது கோட்டையை மாத்திரம் அன்று, நகரை என்பது கருதற்பாலது. இன்று அதே இடத்தில் நிற்பவர்க்கு முட்செடியும் கற்குவியலும் ஆடு மேய்க்கும் சிறுவருமே தென்படுவர்.

இனி, நகரின் அமைப்பைக் காண்பாம். வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராஜகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று மலைகள் முக்கோணமாய் நிற்கின்றன. இம்மூன்றையும் ஒரே மதில் வளைத்து இணைக்கின்றது. அம்மதிலின் நீளம் 13 கிலோமீட்டர். அது வளைத்த நிலப்பரப்பு ஏறக்குறைய 11 சதுரக் கிலோமீட்டர். சிற்சில இடங்களில் மதிலின் பருமன் 60 அடி. அதற்குப் புறம்பே 80 அடி அகலமுள்ள அகழி. படை மட்டும் தங்குவதற்கு இத்துணைப் பரப்பு எதற்கு? இராஜகிரி உச்சி ஒன்றே போதுமே. ஏறக்குறைய 800 அடி உயர்ந்த அம்மலையின் உச்சியை அடையுமுன் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவு ஒன்று குறுக்கிடுகின்றது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே உள்ள சிலர் கீழே உள்ள பலரைத் தடுத்து நிறுத்தலாம். அங்ஙனமிருக்கவும் மலையடிவாரத்துச் சமநிலத்தையும் சேர்த்து வளைத்தது, அந்நிலத்தில் ஊர் இருந்தமையாலேயே ஆம்.

ஊருக்கு முதல் வேண்டுவது நீர். செஞ்சியைக் கட்டினோர் இதில் காட்டிய அறிவே அங்குக் காணத்தக்கவற்றுள் தலையாயது என்பது என் கருத்து. பாறைமலையில் பெய்யும் மழை நொடியில் வழிந்து ஓடிவிடும். ஆதலின் மலைமேல் சுனைகளையும் தொட்டிகளையும், மலையடியில் சக்கரக்குளம், செட்டிகுளம் முதலியவற்றையும் அமைத்து வழிநீரைத் தேக்கினர். கோட்டையினுள் யானைக்குளம் என்பதும் ஒன்றுண்டு. கலியாண மகால் என வழங்கும் மாளிகையில் சதுரமான முற்றத்தின் நடுவே பல நிலைகளையுடைய கோபுரம் போன்ற கட்டிடம் நிற்கின்றது. மதிற்புறத்து நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியே தண்ணீர் அம்மாளிகையின் மேல்நிலை வரை சென்றது. குழாயில் அடைபட்ட நீர் தான் புறப்பட்ட மட்டம் வரையில் தானே ஏறும் என்னும் இயல்பை அறிந்தே இதனைச் செய்தனர். பொறியும் இல்லை, விசையும் இல்லை, மண்ணும் மட்டமும் அறிந்த கொத்தர் இருந்தனர், அவ்வளவே.

சக்கரக்குளத்தின் அருகில் முரசு வடிவான பெருங்கல் ஒன்று பாறைமேல் தங்கி நிற்கின்றது. அதன் நடுவே மேலிருந்து கீழாகத் துளை உண்டு. கைதிகளை அத்துளையில் தள்ளிப் பட்டினியால் மாயவிட்டனர் என்று வழிகாட்டுவோர் கூறுவர். அதற்குக் கைதிக் கிணறு என்று பெயரும் இட்டுள்ளனர். கேட்போர் உடல் சிலிர்க்கும். வருவோர் பெரும்பாலார் நினைவிற் கொண்டு மீள்வதும் அதுவே. பத்தடி தொலைவிலுள்ள குளத்தின் படிக்கட்டை ஒருவரும் நோக்குவதில்லை!

அடுத்து, நெல். கீழ்க்கோட்டையிலும் கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்கள் உள்ளன. கீழ்க்கோட்டைக் களஞ்சியம் தடித்த சுவரும் வளைவுக் கூரையும் உடையது. உள்ளே சென்றால் பகலிலும் இருள் கவிந்திருக்கும். குரல் பலவாய் எதிரொலிக்கும். வெப்பமும் ஈரமும் புகாமல் நெல்லைக் காப்பதற்கே அத்தடிப்பு. கிருஷ்ணகிரியின்மேல் எண்ணெய்க் கிணறு என ஊரார் சுட்டும் ஒன்றையும் காணலாம். மாளிகைகளினும் களஞ்சியங்கள் உறுதியாய் நிற்பது தற்செயல் அன்று. கட்டினோர் எதனைப் பெரிதாகக் கருதினர் என்பதை அது காட்டுகின்றது. அக்களஞ்சியங்களை நிரப்பிய நெல் வானத்திலிருந்து விழவில்லை. சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்கும் ஆற்றின் பாய்ச்சலிலும் சுற்றுப்புறத்து ஏரிகளின் கீழும் உழவர் விளைத்து, வரியாகவும் விலையாகவும் மதிலுக்குள் கொணர்ந்த நெல் அது. சுற்றியுள்ள சிற்றூர்கள் இன்றிச் செஞ்சி இல்லை.

இவை எத்துணை உதவின என்பதற்கு முற்றுகையின் வரலாறே சான்று. 1649-இல் நாயக்கரிடமிருந்து பீஜப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைக்கொண்டது. 1677-இல் சிவாஜி அதனைக் கைப்பற்றி மதில்களைத் திருத்திப் புதுக்கினார். அவர் வகுத்த அரண் வேலைகளை ஐரோப்பியரும் மெச்சத் தக்கன என அக்காலத்து இயேசு சபைக் குரு ஒருவரின் கடிதம் கூறும். 1689-இல் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவருடைய தம்பி இராஜாராம் மராட்டிய நாட்டினின்று தப்பி இங்கு வந்து தங்கினார். ஔரங்கசீப்பின் படைத்தலைவனான சுல்பிகார் கான் 1690-இல் கோட்டையை முற்றினான். அது வீழ்ந்ததோ 1698-இன் தொடக்கத்தில். பதின்மூன்று கிலோமீட்டர் மதிலை முற்றிலும் வளைத்துக் காவலிடப் போதிய படை அவனிடம் இல்லை. உள்ளே இருந்தோர்க்கோ குளமும் களஞ்சியமும் இருந்தன. 1692-இன் இறுதியில் சாந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்போர் புறத்தேயிருந்து தாக்கவே, முற்றியவனே உணவின்றி வாடி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. அவன் வேண்டுமென்றே காலந் தாழ்த்தினான் என்றும் கூறுவர், அஃது இருக்கலாம். அங்ஙனம் தாழ்த்துதற்கு அவன் கூறிய சாக்கும் மதிலின் அளவே அன்றோ?

கோட்டை வீழுமுன் இராஜாராம் தப்பிச் சென்றார். மொகலாயர் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் சூட்டினர். ஒவ்வோர் அரசும் தன் மனம் போல ஒரு பெயர் இட்டது. அப்பெயர்களுள் ஒன்றும் நம் உழவர் வாயில் நிலைக்கவில்லை.

தேசிங்கின் செய்தி இதன் பின்னரே வருகின்றது. கோட்டைக் காவலரான ஸ்வரூப் சிங் 1714-இல் இறக்க, அவர் மகன் தேஜ் சிங் உரிமை கோரினான். ஆர்க்காட்டு நவாபு சதாத்துல்லா கானுக்கு அடங்க மறுத்து, அவ்வாண்டிலேயே சிறு படையுடன் பொருது மாண்டான். இளமையும், நண்பன் மகபத் கானோடு கொண்ட பிரிவில்லா நட்பும், நீலவேணி என்னும் குதிரையும் சேர்ந்து அவனை நாட்டுப்பாடலின் தலைவனாக்கின. இந்து இளைஞனும் முஸ்லிம் இளைஞனும் ஒரே களத்தில் ஒருவர்பொருட்டு ஒருவர் உயிர் கொடுத்த கதையைத் தென்னார்க்காட்டுச் சிற்றூரார் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தமை போற்றத்தக்கது. அக்கதையை யான் குறைத்துக் கூற விரும்பேன். ஆனால் அவன் ஆண்டது ஓர் ஆண்டும் நிறையாத காலம். மதிலகத்தில் இன்று எதனைச் சுட்டி வினவினும் தேசிங்கு கட்டியது என்ற விடையே கிடைக்கின்றது. ரோத்தன்பூர்க்கிலும் இத்தகைய கதை ஒன்றுண்டு. ஊர்த்தலைவர் ஒருவர் பெருங்கலத்து மதுவை ஒரே மூச்சிற் குடித்துத் தில்லியின் சினத்தைத் தணித்து ஊரைக் காத்தார் என்பது அது. அதனை நாடகமாக்கி 1881 முதல் நடித்து வருகின்றனர். எனினும் ஆங்குக் கதை ஊரை மறைக்கவில்லை; ஊர் கண்முன் இருக்கின்றது. ஈங்கோ ஊர் இல்லாமையால் கதையே ஊராகிவிட்டது.

மதிலகத்து ஊர் எப்பொழுது கலைந்தது? ஒரே நாளில் அன்று. மொகலாயர் கருநாடகத்தை ஆளும் தலைமையிடமாக முதலில் செஞ்சியையே கொண்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவூத் கான் அதனை ஆர்க்காட்டுக்கு மாற்றினான். செஞ்சியின் நீரும் காற்றும் உடலுக்கு ஒவ்வாதன என்பது கூறப்பட்ட காரணம். அலுவலகம் போனபின் அலுவலரும், அவரை நம்பிய வணிகரும், வணிகரை நம்பிய கைத்தொழிலாளரும் பெயர்ந்திருத்தல் இயல்பே. 1750-இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர் ஓரிரவில் கோட்டையைப் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1780-இல் ஹைதர் அலியின் படை பிடித்தது. எட்டாண்டு தாங்கிய கோட்டை ஓரிரவில் வீழ்ந்ததன் காரணத்தைப் பீரங்கியில் மட்டும் தேடுதல் பொருந்தாது. உள்ளே காத்துக்கொள்ள ஊர் இல்லாத கோட்டைக்குக் காவலும் தளரும் என்றே யான் கருதுகின்றேன். இச்செய்திகளை விரிவாக அறிய விரும்புவோர், சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் இயற்றி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலைக் கற்பாராக.

1921-இல் தொல்பொருள் துறையினர் கோட்டையைத் தேசியச் சின்னமாகத் தம் பாதுகாப்பிற் கொண்டனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நம் மாவட்டத்திற்கு இது பெருமை. ஆயினும் ஏற்ற முறையை நோக்குக. மராட்டியரின் படையரண்கள் என்னும் தலைப்பின்கீழ்ப் பன்னிரண்டு கோட்டைகளை ஒருசேர ஏற்றனர். பதினொன்று மகாராஷ்டிர மாநிலத்தன, எஞ்சிய ஒன்றே செஞ்சி. மராட்டியர் இங்கு இருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோராண்டு. கோன்மார் இட்ட அடிப்படையும், நாயக்கர் எழுப்பிய வேங்கடரமணர் கோயிலும் களஞ்சியமும், சதாத்துல்லா கான் பெயரால் நிற்கும் பள்ளிவாசலும் அத்தலைப்பில் அடங்கா. தலைப்பைக் குறை கூறுவதாற் பயனில்லை. அதன் வாயிலாகவேனும் பொருளும் பாதுகாப்பும் வருதல் நன்றே. ஆனால் வருவோர்க்கு வழிகாட்டும் பலகைகளை எழுதும்போது, குளம் வெட்டியவரையும் நெல் அளந்தவரையும் பற்றி ஒரு வரியேனும் எழுதுதல் வேண்டும். தமிழ் பயிலும் மாணவர் அப்பணிக்கு உதவலாம். கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் பெயர்கள், ஏரிகளின் பெயர்கள், குளங்களைக் குறித்து முதியோர் கூறும் செய்திகள் ஆகியவற்றைத் தொகுத்தல் நம்மால் இயலும். கல் நில்லாத இடத்திலும் சொல் நிற்பதுண்டு.

காணச் செல்வோர்க்கு ஒன்று கூறுவேன். காலையிலேயே இராஜகிரியில் ஏறிவிட வேண்டும். வெயில் ஏறியபின் படி சுடும், குரங்குகள் கைப்பையைப் பறிக்கும். உச்சியில் அரங்கநாதர் கோயிலருகே நின்று கிழக்கே நோக்குக. மதில் வளைந்து செல்லும் கோடு முழுவதும் தெரியும். மதிலுக்குள் பசுமையும் பாறையும். அதற்கு அப்பால் இன்றைய செஞ்சியின் கூரைகள். அறுவடைக் காலமாயின், அவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குச் சுற்றுப்புறத்து உழவர் கொணரும் நெல்மூட்டைகளையும் பின்னர் இறங்கிச் சென்று காணலாம். நெல் இன்றும் செஞ்சிக்கே வருகின்றது. மதில்வாயிலைக் கடப்பதில்லை என்பதே வேறுபாடு.

வேங்கடரமணர் கோயிலுள் சென்றால் சில இடங்களில் தூண்கள் இன்றி மண்டபம் வெறுமையாய் இருத்தலைக் காணலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியினின்று கொண்டு செல்லப்பட்டன எனப்படும் சிற்பத் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கின்றன. முன்னர்த் தூப்ளேயின் சிலையைச் சூழ்ந்திருந்தவை, இப்போது காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்துள்ளன. திண்டிவனத்தினின்று புதுச்சேரிக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும். செஞ்சிக்குச் சென்று வந்தவர் அங்கும் ஒருமுறை சென்று, அத்தூண்களின் அடியிலிருந்து நுனிவரை நோக்கி வருவாராக.